ஆர்.என்.ஏ.வோடு புரதம் பிணைவதை எந்த முறையில் அளப்பது?

ஆய்வுப் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கையில் தூய்மைப்படுத்திய ஒரு புரதம் இருக்கிறது. அது பற்றிக்கொள்வதாகக் கருதப்படும் ஓர் ஆர்.என்.ஏ. துண்டும் இருக்கிறது. ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும் ஜெல் ஷிஃப்ட் செய்யலாமா, ஒளிர்வை அளக்கும் எஃப்.பி. பார்க்கலாமா, வெப்பத்தை அளக்கும் ஐ.டி.சி. கருவிக்கு நாள் கேட்டு வைக்கலாமா? கேட்பவர் பெரும்பாலும் பாதி முடிவோடுதான் வந்திருப்பார். துறையில் எந்தக் கருவி சும்மா இருக்கிறதோ அதுவே அந்த முடிவு. கருவியிலிருந்து தொடங்கித் தேர்வு செய்வது தலைகீழான வழி என்பதே என் கருத்து. பிணைப்பு எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்பதை முதலில் ஊகித்துக்கொண்டு, அந்த இறுக்கத்தை எந்த முறை பொய் சொல்லாமல் காட்டும் என்று பார்த்த பிறகுதான் கருவியின் பக்கம் போக வேண்டும்.

## தேர்வுக்கு முன் விடை காண வேண்டியவை

முதலாவது, உண்மையில் என்ன தெரிய வேண்டும் என்பது. பிணைப்பு எவ்வளவு வலிமையானது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு விரைவாகச் சேர்ந்து பிரிகிறது என்பது வேறு கேள்வி. உயிருள்ள செல்லுக்குள் எந்தெந்த ஆர்.என்.ஏ.வின் எந்த இடத்தில் உட்காருகிறது என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் இரண்டுக்கும் சோதனைக் குழாய் போதும். மூன்றாவதற்குச் செல் வேண்டும். ஒன்றுக்கான விடையை இன்னொன்றுக்கானதாகக் காட்டும் கட்டுரைகள் இன்றும் அச்சேறுகின்றன.

இரண்டாவது, எதிர்பார்க்கும் பிரிகை மாறிலி, அதாவது ஆய்வகப் பேச்சில் கே.டி. இந்த எண் சிறியதாக ஆக ஆகப் பிணைப்பு இறுக்கமானது என்று பொருள். ஆர்.என்.ஏ.வைப் பற்றும் புரதப் பகுதிகளான ஆர்.ஆர்.எம். அல்லது கே.எச். டொமைன் ஒன்று தனியாக நான்கைந்து நியூக்ளியோடைடுகளைப் பற்றும்போது கே.டி. பெரும்பாலும் மைக்ரோமோலார் அளவில் இருக்கும். எம்.எஸ்.2 வைரஸின் உறைப் புரதம் தன் கொண்டைஊசி வளைவு ஆர்.என்.ஏ.வைச் சில நானோமோலாரில் பற்றுகிறது. யு1ஏ புரதத்துக்கும் யு1 ஆர்.என்.ஏ.வின் இரண்டாவது வளைவுக்கும் இடையில் அது, உப்பின் செறிவைப் பொறுத்து, சுமார் 10 பிக்கோமோலார் வரைகூட இறங்கும். இந்த மூன்றையும் ஒரே முறையில் அளக்க முயன்றால் ஒன்றாவது தவறாகத்தான் வரும்.

ஏன் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். உண்மையான பிரிகை மாறிலி 0.1 நானோமோலார் என்று கொள்வோம். கருவிக்குக் கண் தெரிய வேண்டும் என்பதற்காக 5 நானோமோலார் ஆர்.என்.ஏ. வைத்துப் புரதத்தைப் படிப்படியாகக் கூட்டினால், பாதி ஆர்.என்.ஏ. பிணையும் புள்ளி பிரிகை மாறிலியோடு ஆர்.என்.ஏ. செறிவில் பாதியைச் சேர்த்த இடத்தில், அதாவது 2.6 நானோமோலாரில் விழும். அந்தப் புள்ளியையே பிரிகை மாறிலி என்று எழுதினால் 26 மடங்கு பிழை. வளைவரை அழகாகவே இருக்கும், பிழைக்கோடுகளும் சின்னதாகவே இருக்கும். நீங்கள் அளந்தது என்னவோ உங்கள் ஆர்.என்.ஏ.வின் செறிவைத்தான்.

மூன்றாவது, நேரம். இறுக்கமான பிணைப்பு மெதுவாகப் பிரியும். சேரும் வேகம் ஒரு மோலாருக்கு ஒரு நொடிக்கு 1 கோடி என்றும் பிரிகை மாறிலி 10 பிக்கோமோலார் என்றும் எடுத்துக்கொண்டால், புரதமும் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்த கூட்டமைவின் அரை ஆயுள் ஏறத்தாழ 1 மணி 55 நிமிடம். மிகக் குறைந்த புரதச் செறிவுள்ள குழாய் சமநிலைக்கு வர ஐந்து அரை ஆயுள் காத்திருப்பது என்றால் ஒன்பதரை மணி நேரம் ஆகும். "பனிக்கட்டியில் 30 நிமிடம்" என்று பரம்பரையாகக் கைமாறி வரும் செய்முறைக் குறிப்பு இதற்கு எம்மாத்திரம்? ஸ்டான்ஃபோர்டில் டேனியல் ஹெர்ஷ்லாக் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பிணைப்பு அளவுகளைத் தந்த 100 கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் சமநிலை எட்டப்பட்டதற்கான சான்றே தரப்படவில்லை என்று கண்டார்கள்.

நான்காவது, கையிருப்பு: எத்தனை மில்லிகிராம் புரதம் கிடைக்கும், ஆர்.என்.ஏ. 20 நியூக்ளியோடைடா 500 நியூக்ளியோடைடா, கதிரியக்கப் பொருளைக் கையாள அனுமதி உண்டா என்பவை. சாதாரணமாக எல்லோரும் இந்த நான்காவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

## ஜெல் ஷிஃப்ட்

கார்னர், ரெவ்சின் இருவரும், ஃப்ரைட், குரோத்தர்ஸ் இருவரும் 1981இல் தனித்தனியாக டி.என்.ஏ.வுக்காக வெளியிட்ட முறை இது; ஆர்.என்.ஏ.வுக்கும் அப்படியே பொருந்திவிட்டது. புரதம் ஏறிய ஆர்.என்.ஏ. ஜெல்லில் மெதுவாக நகரும், ஏறாதது விரைந்து ஓடும். 32பி என்னும் கதிரியக்கப் பாஸ்பரசால் முத்திரையிட்ட ஆர்.என்.ஏ.வைச் சில பத்து பிக்கோமோலாரில் வைத்தே பட்டையைப் பார்த்துவிடலாம் என்பதால், மேலே சொன்ன 26 மடங்குப் பிழையிலிருந்து தப்பிக்க இதைப்போல் மலிவான வழி வேறில்லை. 20 மைக்ரோலிட்டர் வினைக்கலவை ஒன்றில் 0.1 நானோமோலார் ஆர்.என்.ஏ. என்பது வெறும் 2 ஃபெம்டோமோல். 30 கிலோடால்டன் புரதம் 1 மைக்ரோமோலார் வைத்தாலும் 0.6 மைக்ரோகிராம்தான் செலவாகும்.

மற்ற முறைகள் ஒரே எண்ணைத் தரும்போது ஜெல் ஒரு படத்தைத் தருகிறது என்பதையே இதன் பெருமதிப்பாக நான் கருதுகிறேன். ஒரு புரதம் ஏறினால் ஒரு பட்டை, இரண்டு ஏறினால் அதற்கு மேலே இன்னொன்று. புரதம் திரண்டு கட்டியாகிவிட்டால் எல்லாம் குழியிலேயே தங்கி நிற்கும். ஆர்.என்.ஏ. இரண்டு வடிவங்களில் மடிந்திருந்தால் புரதமில்லாத லேனிலேயே (ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் தடம்) இரண்டு பட்டைகள் தெரியும். எஃப்.பி. வளைவரையில் இவை அனைத்தும் ஒரே கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பின்னால் எந்த முறைக்குப் போவதாக இருந்தாலும் முதலில் ஒரு ஜெல் ஓட்டிப் பார்த்துவிடுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதன் மறைமுகச் செலவுகள் பஃபரில் இருக்கின்றன. வழக்கமான டி.பி.இ. பஃபரில் உள்ள ஈ.டி.டி.ஏ. மேக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், மேக்னீசியத்தை நம்பி மடிந்திருக்கும் ஆர்.என்.ஏ. ஜெல்லுக்குள் நுழைந்ததும் தன் வடிவத்தை இழக்கும். அத்தகைய ஆர்.என்.ஏ.வுக்கு ஈ.டி.டி.ஏ. இல்லாமல், மேக்னீசியம் சேர்த்த பஃபரில், ஜெல் சூடாகாதபடி குளிரறையில் குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்ட வேண்டும். ப்ரோமோஃபீனால் நீலத்தை மாதிரியில் கலக்காமல், ஓரத்தில் காலியான ஒரு லேனில் மட்டும் ஊற்றுவது நல்லது. சாயமே சில பிணைப்புகளைக் குலைக்கும். இரண்டு பட்டைகளுக்கு இடையில் புகைபோல் இழுபட்டிருந்தால், ஓடும்போதே கூட்டமைவு பிரிகிறது என்று பொருள். அப்போது மேல் பட்டையை அளக்காமல், கீழே பிணையாத ஆர்.என்.ஏ. எவ்வளவு குறைந்தது என்பதை அளந்தால் ஓரளவு சமாளிக்கலாம். மைக்ரோமோலார் அளவுப் பலவீனமான பிணைப்புகளுக்கு அதுவும் உதவாது.

கதிரியக்கமும் ஒரு செலவுதான். 32பியின் அரை ஆயுள் 14.3 நாள், வாங்கியதை இரண்டு வாரத்துக்குள் திட்டமிட்டுப் பயன்படுத்த வேண்டும். இந்தியாவில் அதை வாங்கவும் கையாளவும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத ஆய்வகம் சை5 போன்ற சாயம் ஏற்றிய ஆர்.என்.ஏ.வை வாங்கி ஸ்கேனரில் பார்க்கலாம், ஆனால் ஆர்.என்.ஏ.வை ஏறத்தாழ 1 நானோமோலாருக்கு உயர்த்த வேண்டிவரும், அதோடு அளக்கக்கூடிய எல்லையும் மேலே போய்விடும்.

## நைட்ரோசெல்லுலோஸ் வடிதாள்

நைட்ரோசெல்லுலோஸ் புரதத்தைப் பிடிக்கும், தனி ஆர்.என்.ஏ.வை விட்டுவிடும். மரபுக் குறியீட்டைப் படித்தறிந்த நாட்களில், 1964இல், நைரன்பெர்க்கும் லீடரும் ரைபோசோமில் ஒட்டிய டி.ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தது இந்தத் தாளில்தான். எம்.எஸ்.2 உறைப் புரதத்தின் குடும்பத்தை 1980களில் உலன்பெக் குழுவினர், ஆர்.என்.ஏ.வில் ஒவ்வோர் எழுத்தாக மாற்றி மாற்றி அளந்ததும் இதே வழியில்தான். 1993இல் வாங், லோமன் இருவரும் கீழே இன்னொரு தாள் வைத்துப் பிணையாததையும் பிடித்துவிட்டார்கள். அதன் பிறகு வடிகட்டிய அளவில் ஏற்படும் ஏற்ற இறக்கம் கணக்கைக் கெடுப்பதில்லை.

ஜெல்லைவிட இது விரைவானது. 96 குழித் தட்டில் ஒரே நேரத்தில் எட்டு வளைவரைகள் எடுக்கலாம். சில நொடிகளிலேயே வடிந்துவிடுவதால் பிரியும் வேகத்தையும் அளக்கலாம். நாற்பது மாற்றுருக்களை (எழுத்து மாற்றிய வடிவங்களை) ஒப்பிட வேண்டியவருக்கு இன்றும் இதையே பரிந்துரைப்பேன். ஒரு குறை மட்டும் உண்டு: ஓர் ஆர்.என்.ஏ.வில் ஒரு புரதம் உட்கார்ந்தாலும் மூன்று உட்கார்ந்தாலும் தாளில் ஒரே புள்ளிதான் தெரியும்.

## எஃப்.பி. என்னும் ஒளிர்வின் தளவிளைவு

ஃப்ளோரசீன் ஏற்றிய சிறிய ஆர்.என்.ஏ. கரைசலில் வேகமாகச் சுழலும். புரதம் ஏறியதும் சுழற்சி மந்தமாகும். வெளிவரும் ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளி ஒரே தளத்தில் அதிரும் அளவு, கூடும். கலவையைப் பிரித்தெடுக்கத் தேவையில்லை, சமநிலையைக் குலைக்காமலே படிக்கலாம், 384 குழித் தட்டில் ஒரு மதியத்தில் வேலை முடியும். சமநிலை வந்துவிட்டதா என்று சந்தேகமா? அதே தட்டை ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் படித்துவிடலாம். இந்த வசதி ஜெல்லில் கிடையாது. பிணைப்பைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகளைத் தேடுவோருக்கு இதுவே முதல் தேர்வு.

ஆனால் ஆர்.என்.ஏ. 20, 30 நியூக்ளியோடைடுக்குள் இருக்க வேண்டும். 200 நியூக்ளியோடைடு ஆர்.என்.ஏ. தானே ஏறத்தாழ 65 கிலோடால்டன் இருக்கும். அதன்மேல் 30 கிலோடால்டன் புரதம் ஏறினாலும் சுழற்சியில் பெரிய மாற்றம் தெரியாது. அதோடு நீண்ட ஆர்.என்.ஏ.வின் தளர்ந்த நுனியில் தொங்கும் சாயம், உடல் முழுதும் மந்தமானாலும் தன்பாட்டில் சுழன்றுகொண்டிருக்கும். புரதம் அருகில் வந்ததும் சாயத்தின் ஒளிச்செறிவே கூடவோ குறையவோ செய்தால் தளவிளைவுக் கணக்கைத் திருத்தியாக வேண்டும். ஆகவே மொத்த ஒளிச்செறிவையும் எப்போதும் பக்கத்தில் வரைந்து பாருங்கள். கீழ் எல்லை சில நானோமோலார். யு1ஏ போன்ற ஒன்றை எஃப்.பி.யில் அளந்ததாக யாராவது காட்டினால் ஆர்.என்.ஏ.வின் செறிவு என்ன என்று கேட்டுவிட்டுத்தான் வளைவரையைப் பார்க்க வேண்டும்.

## ஐ.டி.சி. என்னும் வெப்ப அளவீடு

பிணையும்போது வெளிப்படும் அல்லது உறிஞ்சப்படும் வெப்பத்தை நேரடியாக அளக்கும் முறை. முத்திரை எதுவும் வேண்டாம். ஒரே ஓட்டத்தில் பிரிகை மாறிலி, எந்தால்பி (பிணைப்பின் வெப்ப மாற்றம்), எத்தனைக்கு எத்தனை என்ற விகிதம் ஆகிய மூன்றும் கிடைக்கும். அந்த விகிதம் எதிர்பாராத ஒரு நேர்மைச் சோதனையாகவும் அமையும்: 1 வர வேண்டிய இடத்தில் 0.4 வந்தால், கலத்தில் இருந்த புரதத்தில் பாதிக்கு மேல் செத்துக் கிடக்கிறது என்று ஐயுறலாம்.

விலை, மாதிரியில் கொடுக்கப்படுகிறது. இன்றைய சிறிய கலம் 200 மைக்ரோலிட்டர் கொண்டது. நிரப்ப 300 வரை வேண்டும். 30 கிலோடால்டன் புரதம் 20 மைக்ரோமோலாரில் என்றால் ஓர் ஓட்டத்துக்கு 0.18 மில்லிகிராம். ஊசியில் 200 மைக்ரோமோலார் ஆர்.என்.ஏ. மூன்று முறை திரும்பச் செய்து, ஆர்.என்.ஏ.வை வெறும் பஃபரில் செலுத்தும் கட்டுப்பாட்டையும் சேர்த்தால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட மோசமான ஒன்று செறிவிலேயே ஒளிந்திருக்கிறது. 1 நானோமோலாரில் ஒழுங்காகக் கொண்டைஊசியாக மடிந்திருக்கும் ஆர்.என்.ஏ., 200 மைக்ரோமோலாரில் இரண்டிரண்டாகச் சேர்ந்து இரட்டை இழையாகிவிடலாம். அப்போது நீங்கள் அளப்பது வேறொரு மூலக்கூறின் பிணைப்பு. ஊசியில் ஏற்றும் அதே செறிவில் ஒரு சொட்டு எடுத்து ஜெல்லில் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு மாதிரிகளையும் ஒரே பீக்கரில் டயாலிசிஸ் செய்யாவிட்டால் பஃபர் கலக்கும் வெப்பமே பிணைப்பின் வெப்பத்தை மூழ்கடிக்கும். புரதம் ஆக்சிஜனேற்றம் அடையாதபடி சேர்க்கும் டி.டி.டி.க்குப் பதில் டி.சி.இ.பி. போடுங்கள், அடிக்கோடு அமைதியாகும். இரண்டு இலக்க மைக்ரோமோலார் வரையிலான பலவீனமான பிணைப்புகளுக்கும், விகிதமே கேள்வியாக இருக்கும் இடங்களுக்கும் இது சிறந்தது. நானோமோலாருக்குக் கீழே வளைவு செங்குத்தான படிக்கட்டாகிவிடும். அதில் விகிதத்தைப் படிக்கலாம், பிரிகை மாறிலியைப் படிக்க முடியாது.

## எஸ்.பி.ஆர்., பி.எல்.ஐ.

சிப்பின் பரப்பில் எவ்வளவு ஒட்டுகிறது என்பதை ஒளியால் அளப்பது எஸ்.பி.ஆர். பயோட்டின் ஏற்றிய ஆர்.என்.ஏ.வைச் சிப்பில் பதித்துப் புரதத்தை அதன்மேல் ஓடவிட்டால், சேரும் வேகமும் பிரியும் வேகமும் தனித்தனியாகத் தெரியும். வேகம் தெரிவதால் என்ன பயன் என்பதற்கு யு1ஏ பற்றி 2001இல் லெயர்ட்-ஆஃப்ரிங்கா குழுவினர் செய்ததே நல்ல சான்று. நேர்மின்சுமை கொண்ட அமினோ அமிலங்களை மாற்றியபோது சேரும் வேகம் வெகுவாகப் பாதிக்கப்பட்டது, ஆர்.என்.ஏ.வை நெருங்கித் தொடும் அமினோ அமிலங்களை மாற்றியபோது பிரியும் வேகம் கூடியது. மின்சுமை இழுத்து வருகிறது, நெருக்கமான தொடர்புகள் பூட்டிவைக்கின்றன. பிரிகை மாறிலி என்ற ஒற்றை எண்ணில் இந்த இரண்டும் கலந்து மறைந்திருக்கும்.

ஆர்.என்.ஏ. பற்றும் புரதங்கள் பெரும்பாலும் நேர்மின்சுமை மிகுந்தவை. வழக்கமான சிப்பின் டெக்ஸ்ட்ரான் பரப்போ எதிர்மின்சுமை கொண்டது. ஆர்.என்.ஏ. இல்லாத ஒப்பீட்டுத் தடத்திலேயே புரதம் போய் ஒட்டிக்கொள்வது இங்கே அன்றாடத் தொல்லை. உப்பைக் கூட்டினால் ஒட்டுவது குறையும், உண்மையான பிணைப்பும் கூடவே குறையும். ஆர்.என்.ஏ.வை நெருக்கமாகப் பதித்தால் பிரிந்த புரதம் பக்கத்து ஆர்.என்.ஏ.வில் மறுபடி ஏறி, பிரியும் வேகத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பி.எல்.ஐ. இதன் எளிய உறவு: குழாய்களோ பம்போ இல்லை, பயில்வது எளிது, நுணுக்கம் சற்றுக் குறைவு.

| முறை | நம்பத்தக்க பிரிகை மாறிலி | ஆர்.என்.ஏ. செலவு | முத்திரை | கூடுதலாகத் தெரிவது |
|---|---|---|---|---|
| ஜெல் ஷிஃப்ட் | பிக்கோமோலார் முதல் சுமார் 1 மைக்ரோமோலார் | ஃபெம்டோமோல் | 32பி அல்லது சாயம் | எத்தனை கூட்டமைவுகள் |
| வடிதாள் | பிக்கோமோலார் முதல் சுமார் 1 மைக்ரோமோலார் | ஃபெம்டோமோல் | 32பி | பிரியும் வேகம் |
| எஃப்.பி. | சில நானோமோலார் முதல் பல பத்து மைக்ரோமோலார் | பிக்கோமோல் | சாயம் | போட்டி, தடுப்பான்கள் |
| ஐ.டி.சி. | சில நானோமோலார் முதல் சுமார் 100 மைக்ரோமோலார் | நானோமோல் | வேண்டாம் | விகிதம், எந்தால்பி |
| எஸ்.பி.ஆர். | நானோமோலாருக்குக் கீழ் முதல் மைக்ரோமோலார் | மிகக் குறைவு | பயோட்டின் | சேரும், பிரியும் வேகங்கள் |

## செல்லுக்குள் பார்க்க: கிளிப் குடும்பம்

செல்லை உடைத்து, புரதத்தை ஆன்டிபாடியால் இழுத்து, ஒட்டி வந்த ஆர்.என்.ஏ.வைப் படிப்பது ரிப் என்னும் எளிய முறை. ஆனால் செல் உடைந்த பிறகு புரதங்கள் ஓர் ஆர்.என்.ஏ.விலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று மிலியும் ஸ்டைட்ஸும் 2004இல் காட்டியதிலிருந்து அதைத் தனித்து நம்ப மனம் வரவில்லை. உயிரோடு இருக்கும்போதே 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரால் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் வேதிப் பிணைப்பால் இணைத்துவிட்டுப் பிறகு இழுப்பதே கிளிப். நோவா புரதத்துக்காக எலி மூளையில் உலேவும் டார்னெலும் 2003இல் செய்து காட்டினார்கள்.

இதன் கிளைகளில் மூன்று பெரும்பாலோர் கையில் இருப்பவை. 2010இல் வந்த பார்-கிளிப், செல்லுக்கு 4-தயோயூரிடின் ஊட்டி 365 நானோமீட்டரில் இணைக்கிறது. இணைந்த இடத்தில் டி எழுத்து சி ஆக மாறிப் படிக்கப்படுவதால் இடம் தெளிவாகத் தெரியும். வளர்ப்புச் செல்களுக்கு ஏற்றது, திசுவுக்குக் கடினம். அதே ஆண்டின் ஐகிளிப், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இணைப்பில் தடுக்கி நின்றுவிடுவதையே இடத்தைச் சொல்லும் அடையாளமாகப் பயன்படுத்துகிறது. 2016இல் வந்த இகிளிப் படிநிலைகளைக் குறைத்து, அதே அளவு எடையுள்ள பகுதியிலிருந்து எடுத்த கட்டுப்பாட்டு மாதிரியையும் கட்டாயமாக்கியது. மனித மரபணுத்தொகுதியின் செயற்கூறுகளைப் பட்டியலிடும் என்கோட் திட்டம் 150 புரதங்களை இதில்தான் பார்த்தது. புதிதாகத் தொடங்குபவர் இகிளிப் பக்கம் போவதே மேல் என்பது என் கணிப்பு, அந்தக் கட்டுப்பாட்டு மாதிரிக்காகவே.

செலவு பணத்தில் மட்டும் இல்லை. நன்றாக இழுக்கும் ஆன்டிபாடி கிடைப்பதற்கே மாதங்கள் போகலாம். புற ஊதா இணைப்பு யூரிடின் பக்கம் சாய்வுள்ளது. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பற்றும் புரதங்கள் சரியாக இணைவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேல், கிளிப் இடத்தைச் சொல்லும், வலிமையைச் சொல்லாது. படித்த துண்டுகள் ஓரிடத்தில் குவிந்த மேடு உயரமாக இருப்பதற்கு அந்த ஆர்.என்.ஏ. செல்லில் ஏராளமாக இருப்பதும் காரணமாகலாம். எந்த எழுத்துத் தொடரைப் புரதம் விரும்புகிறது என்பது மட்டும் தெரிய வேண்டுமானால், கலவையான ஆர்.என்.ஏ. தொகுப்பிலிருந்து புரதத்தையே தேர்ந்தெடுக்க வைக்கும் செலெக்ஸ் அல்லது பைண்ட்-என்-செக் போதும், கிளிப் வேண்டியதில்லை.

## எந்த முறையிலும் தப்ப முடியாதவை

பாக்டீரியாவில் தயாரித்த ஆர்.என்.ஏ. பற்றும் புரதம், பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வையும் கட்டிக்கொண்டே வரும். தூய புரதத்துக்கு 260/280 உறிஞ்சல் விகிதம் (260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) 0.6ஐ ஒட்டி இருக்க வேண்டும், ஆர்.என்.ஏ. கலந்திருந்தால் அது கூடும். என் முதல் தயாரிப்பில் 1.3 இருந்தது, புரத ஜெல்லில் ஒரே பட்டை தெரிந்ததால் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். அந்த ஜெல்லில் புரதத்துக்கு நிறமேற்றும் கூமாசி, ஆர்.என்.ஏ.வைக் காட்டாது என்பது நினைவில் இல்லை. மூன்று மாதம் பிணைப்பே வரவில்லை. 1 மோலார் உப்பில் கழுவி, ஹெப்பாரின் பத்தியில் ஏற்றி இறக்கியதும் அதே புரதம் இரண்டு நானோமோலாரில் பிணைந்தது.

பிணையாத மாற்றுரு ஆர்.என்.ஏ. ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். நேர்மின்சுமை உள்ள எந்தப் புரதமும் குறைந்த உப்பில் எந்த ஆர்.என்.ஏ.வையும் பற்றும், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே செய்தி.

## யாருக்கு எது

எதிர்பார்க்கும் பிரிகை மாறிலி 1 நானோமோலாருக்குக் கீழே என்றால் 32பியோடு ஜெல் அல்லது வடிதாள். கதிரியக்கத்துக்கு வழியில்லை என்றால் எஸ்.பி.ஆர். ஆர்.என்.ஏ. சிறியது, இறுக்கம் நடுத்தரம், மாற்றுருக்கள் நிறைய என்றால் எஃப்.பி. பிணைப்பு பலவீனம், புரதம் தாராளம் என்றால் ஐ.டி.சி. பிரிகை மாறிலி பற்றி எந்த ஊகமும் இல்லாதவர், அகலமான இடைவெளியில், ஒவ்வொரு லேனிலும் புரதத்தைப் பத்து மடங்காகக் கூட்டி எட்டு லேன் ஜெல் ஒன்றை ஓட்டட்டும். மறுநாள் காலை ஊகம் கையில் இருக்கும். செல்லில் புரதத்தை நீக்கியதும் ஒரு விளைவு தெரிந்து, அதற்கு எந்த ஆர்.என்.ஏ. காரணம் என்று தேடுபவர் இகிளிப்பில் தொடங்கி, கிடைத்த இடங்களில் மூன்றையாவது சோதனைக் குழாய்க்குக் கொண்டுவந்து, மாற்றுருக்களோடு சேர்த்து அளக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்று பிணையாமல் போனால், அந்த லேனையும் படத்திலிருந்து வெட்டாமல் வெளியிட வேண்டும்.